தாயுமானவள்: தமிழ் இலக்கியத்தில் மருத்துவச்சி

பிறப்பும் இறப்பும் மனித வாழ்வின் இரு எல்லைகள். இறப்பைப் பாடுவதற்குத் தமிழில் தனித்துறைகளே உண்டு. கையறுநிலை என்றும், மூதானந்தம் என்றும், தாபதநிலை என்றும் புறத்திணை நூலார் அதனை நுணுக்கமாக வகுத்துள்ளனர். ஒப்பாரி என்னும் வாய்மொழி இலக்கியமே அதற்கென வளர்ந்துள்ளது. பிறப்பின் கதை வேறு. பிறந்த பிள்ளையைப் பாடிய புலவர் பலர்; பிறக்கும் பொழுதைப் பாடியவர் மிகச் சிலர்; அப்பொழுதில் அருகே நின்று குழந்தையைக் கையில் ஏந்தியவளைப் பாடியவர் அவரினும் சிலர். அவளை நாம் மருத்துவச்சி என்கிறோம். நாம் வந்து வாழும் இம்மலையாள மண்ணில் வயற்றாட்டி என்பர். ஈழத்தில் மருத்துவமாது என்பர். பெயர் பலவாயினும் தொழில் ஒன்றே. இலக்கியத்தில் அவள் பெற்ற இடமும் ஏறக்குறைய ஒன்றே.

இம்மலரில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அண்மை ஆண்டுகளில், படித்த இளந்தம்பதியர் சிலரிடையே, மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டிலோ, மருத்துவச்சியர் நடத்தும் தனி மனையிலோ இயற்கையாகப் பிள்ளை பெறவேண்டும் என்னும் விருப்பம் எழுந்துள்ளது. அவ்விருப்பத்துக்குச் சான்றாக அவர்கள் முதலில் காட்டுவது நம் முன்னோரை. 'நம் பாட்டிமார் வீட்டில்தானே பெற்றார்கள்? பண்டை நூல்களில் மருத்துவமனை ஏது?' என்பது அவர்கள் வினா. எதிர்த்தரப்பினரோ, அறியாமைக் காலத்துப் பேச்சு என்று அதனை ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். இரு சாராரும் அந்நூல்களைத் திறந்து பார்ப்பது அரிது. மரபு என்று நாம் அழைப்பது இதுபற்றி உண்மையில் என்ன சொல்கிறது? திறனாய்வாளன் விடை தேட வேண்டிய வினா இது. ஏட்டளவில் நின்றுவிடும் வினாவும் அன்று. ஒரு தாயின் உயிரும் ஒரு சேயின் உயிரும் அதில் அடங்கியுள்ளன.

புனிற்று மனை

சங்க இலக்கியத்துள் பிள்ளை பிறந்த வீட்டின் உட்புறத்தைக் காட்டும் பாடல்களுள் சிறந்தது நற்றிணையின் நாற்பதாம் பாட்டு. பாடியவர் கோண்மா நெடுங்கோட்டனார். காவல் மிக்க மனையில் நெடிய நாவுடைய மணி ஒலிக்கிறது. பந்தரின் கீழ் மணல் பரப்பப்பட்டுள்ளது. பாணர் கூட்டம் காவல் இருக்கிறது. ஒருபுறம் மகளிர் நற்சொல் எதிர்பார்த்து விரிச்சி நிற்கின்றனர். உள்ளே, மெல்லிய துணி விரித்த படுக்கையில், புனிற்று மணம் கமழும் செவிலியோடு புதல்வன் உறங்குகிறான். வெண்சிறுகடுகு அணிந்து, நெய் பூசி நீராட்டப்பெற்ற தாய் இமை பொருந்தக் கிடக்கிறாள். தன் தந்தையின் பெயரைத் தாங்கும் மகன் பிறந்துவிட்டான் என்பதால், பிரிந்து திரிந்த தலைவன் நள்ளிரவில் கள்வனைப்போல் வீடு வந்து சேர்கிறான். இத்தனையும் எடுத்துரைப்பவள் பரத்தை என்பது இப்பாட்டின் நயத்தை மிகுவிக்கிறது.

புனிறு என்னும் உரிச்சொல்லுக்கு ஈன்றணிமை என்னும் பொருளைத் தொல்காப்பியமே கூறிவிட்டது. அந்தப் புனிற்று மணத்தைப் புலவர் யாரிடம் வைத்துப் பாடுகிறார் என்பதை நாம் நோக்குதல் வேண்டும். செவிலியைச் சார்த்தியே அது சொல்லப்படுகிறது. குழந்தையை முதலில் தொட்டு ஏந்திய கையின் மணமாக அதனைக் கொள்வதில் தவறில்லை. மற்றொன்றும் நோக்கத்தக்கது. அம்மனை அமைதியான மனை அன்று. மணி, காவல், விரிச்சி, கடுகு ஆகிய யாவும் அச்சத்தின் அடையாளங்கள். பிள்ளைப்பேறு தானே நிகழும் எளிய செயல் என்று அவ்வீட்டார் எண்ணியிருப்பின், இத்தனை பேர் இரவெல்லாம் கண்விழித்திருக்கத் தேவையில்லை. அறிந்த காவல்களையெல்லாம் அவர்கள் கூட்டி வைத்தார்கள். அக்காலத்தில் அறியப்பட்டவை அவ்வளவே.

தனியே ஈன்றவர் இருவர்

வீட்டுக்கு வெளியே, துணையின்றிப் பிள்ளை பெற்ற பெண்கள் நம் காப்பியங்களில் இல்லையா? உண்டு. இருவரை ஈண்டுக் காண்போம்.

முதலாமவள் மணிமேகலையில் வரும் சாலி. கணவனுக்குப் பிழை செய்த அச்சத்தால் வாரணாசியை விட்டு நீங்கி, குமரியாடப் புறப்பட்டு வருகிறாள். இருள் சூழ்ந்த வழியில் மகவு ஈன்று, யாரும் காணாத தோட்டம் ஒன்றில் அதனை இட்டு நீங்குகிறாள். அழுத குழந்தையிடம் ஒரு பசு வருகிறது. நாவால் நக்கித் தருகிறது. ஏழு நாள் பால் சுரந்து காக்கிறது. அக்குழந்தையே பின்னாளில் அமுதசுரபி ஏந்திய ஆபுத்திரன். சாத்தனார் இதனை இயற்கையின் இனிமை என்று பாடவில்லை. மனிதர் அனைவரும் கைவிட்ட இடத்தில் ஓர் ஆவேனும் வந்து நிற்கவேண்டியிருந்தது என்றே பாடுகிறார். பசு செய்த முதற்பணியும் நோக்கத்தக்கது. பிறந்த உடலைத் துடைத்துத் தேற்றுவது மருத்துவச்சியின் முதற்பணியன்றோ!

இரண்டாமவள் சீவக சிந்தாமணியின் விசயை. கட்டியங்காரனின் சூழ்ச்சியால் நாடு இழந்த சச்சந்தன், நிறைசூலியாகிய தேவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அப்பொறி இறங்கிய இடம் சுடுகாடு. ஏமாங்கத நாட்டின் அரசி அங்கே மகவு ஈன்றாள். காப்பிய நாயகனின் பிறப்புக்குத் திருத்தக்க தேவர் தேர்ந்த இடம் அது. எனினும் அவளைத் தனியே விட்டுவிட அப்புலவர்க்கு மனம் வரவில்லை. ஒரு தெய்வத்தை அனுப்புகிறார். அத்தெய்வம் ஒளிவடிவில் வந்து நின்று வரம் தந்திருக்கலாம். அவ்வாறு வரவில்லை. விசயையின் பணிப்பெண்ணாகிய கூனி சண்பகமாலையின் வடிவம் பூண்டு வருகிறது. அறிந்த முகம் அருகில் வேண்டும் என்பது அக்காப்பியக் கவிஞரின் உள்ளம். வலியில் கிடப்பவளுக்குத் தெய்வத்தினும் தெரிந்தவள் பெரியவள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தெய்வம் பூண்ட வடிவம்

இவ்வெண்ணத்தின் முழுநிறைவைத் திருச்சிராப்பள்ளியில் காண்கிறோம். மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்பது பெயர். எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணம் அத்தலத்தின் வரலாறுகளைக் கூறும் நூல். அங்கு வழங்கும் கதை நாம் அறிந்ததே. வணிகர் குலத்து இரத்தினாவதி தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணியிருக்கிறாள். துணைக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தங்கிவிடுகிறாள். வலி வந்துவிடுகிறது. இறைவன் அத்தாயின் உருவிலே வந்து, பேறு பார்த்து, உடனிருந்து பணி செய்கிறான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வாயிலில் வந்து நிற்கும்போது தாயர் இருவராகின்றனர், ஒருவர் மறைகிறார்.

வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட மகளும், வழியில் தடைப்பட்ட தாயும் நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புதியவர் அல்லர். இக்கதையை நாம் நம் கதையாகவே படிக்கலாம். படிக்கும்போது ஒன்று தெளிவாகும். மலையையே மனையாகக் கொண்ட இறைவன், வலியே இன்றிப் பிள்ளை பிறக்க வைத்திருக்கலாம். அவ்வாறு செய்ததாக மக்கள் கதை கட்டவில்லை. அவனை மருத்துவச்சியாக்கினார்கள். அவன் செய்த அருள், உடனிருந்தமையே.

பெரியாழ்வார் இன்னும் அருகே செல்கிறார். கண்ணன் பிறந்த ஆய்ப்பாடியைப் பாடும் பகுதியில், குழந்தையின் கைகால்களை நிமிர்த்து, வெந்நீர் ஆட்டி, மஞ்சள் கொண்டு நாவை வழிக்கும் செயல்களைச் சொல்கிறார். வழித்த வாயினுள் உலகேழும் தோன்றுகின்றன. தத்துவம் தோன்றும் இடம், மருத்துவச்சியின் விரல் நுழையும் இடமாக இருக்கிறது. ஆழ்வார் இப்பணியை யசோதைக்கே கொடுத்துவிட்டார். செயலைப் பாடியவர், அதற்கென உரியவளைத் தனியே பாடவில்லை.

நாட்டார் வழக்கில் மருத்துவச்சியே தெய்வமானாள். பெரியாச்சி அம்மன் கதையில், வல்லாளன் என்னும் கொடிய மன்னன் மனைவிக்குப் பேறு பார்க்க வந்தவள் அவள். பிள்ளை மண்ணில் படக்கூடாது என்பது நிபந்தனை. பணி முடிந்தபின் தன்னைக் கொல்லவந்த அரசனைக் காலடியில் மிதித்து, அரசியை மடியில் கிடத்தி வயிறு கிழித்து, குழந்தையை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். அஞ்சத்தக்க உருவந்தான். ஆயினும் தமிழர் கடல் கடந்தபோது அவளையும் உடன் கொண்டு சென்றனர். சிங்கப்பூர் வீரமாகாளியம்மன் கோயிலில் அவள் சிலை உண்டு. மகவு பிறந்து முப்பது நாள் கழிந்தபின் பிள்ளையை அவள் முன் கிடத்தி வணங்குவது அங்குள்ள தமிழர் வழக்கம். தாயைப் பிளக்கும் கையும் சேயைத் தாங்கும் கையும் ஒருத்திக்கே உரியனவாக வடித்த அச்சிற்பி, பேற்றறையின் இரு முடிவுகளையும் அறிந்தவன்.

அடைத்த கதவு

தெய்வத்தை மருத்துவச்சியாகவும் மருத்துவச்சியைத் தெய்வமாகவும் பாடிய மரபு, மண்ணில் வாழ்ந்த மருத்துவச்சியை ஏன் பாடவில்லை? பிள்ளைத்தமிழைப் பாருங்கள். குழந்தைக்கெனவே அமைந்த சிற்றிலக்கியம் அது. பத்துப் பருவங்கள் உண்டு. ஆயினும் மூன்றாம் திங்களில் காப்புப் பருவத்தோடுதான் அது தொடங்குகிறது. முதல் இரு திங்களும் கவிஞர்க்கு அடைத்த கதவு. பிறந்த நாளின் குருதியும் வியர்வையும் ஓலமும் அக்கதவின் பின்னே நின்றுவிட்டன.

நாணம் என்று இதற்குக் காரணம் கூறுவர். நாணம் மட்டும் காரணமாகாது. தீட்டு என்னும் எண்ணமே முதற்காரணம். பேறு பார்க்கும் தொழில், ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், பெரும்பாலும் கீழாக வைக்கப்பட்ட குலத்துப் பெண்களின் தலையில் சுமத்தப்பட்டது. நாவிதர் குலத்து மகளிரும் வண்ணார் குலத்து மகளிரும் அதனைச் செய்தனர். கூலி நெல்லும் பழஞ்சேலையும். நள்ளிரவில் அவளைத் தேடி ஓடுவர். விடிந்தபின் அவள் திண்ணையில் அமரல் ஆகாது. விசயைக்கு உதவ வந்த தெய்வம்கூடப் பணிப்பெண் ஒருத்தியின் கூனுருவையே எடுத்தது என்பதை இங்கு மீண்டும் நினைக்கலாம்.

அக்கதவைத் திறந்தவர்கள் இக்காலப் பெண் எழுத்தாளர்கள். பாமாவின் 'சங்கதி' 1994-ல் வெளிவந்தது. அதில் கதைசொல்லியின் பாட்டி வெள்ளையம்மா பேறு பார்ப்பதில் கைதேர்ந்தவள். அவள் தெய்வம் அல்லள். கூலி வேலை செய்து, வாய்விட்டுப் பேசி வாழும் கிழவி. தமிழ் உரைநடை அவளுக்குப் பெயரும் குரலும் தந்ததை ஒரு திருப்பம் எனலாம். ஆனால் வெள்ளையம்மா ஏட்டில் ஏறிய காலத்தில், அவள் தொழில் தெருவை விட்டு நீங்கத் தொடங்கிவிட்டது. ஒரு தொழில் மறையும்போதுதான் இலக்கியம் அதனைக் கண்டுகொள்கிறது போலும்.

தைக்காட்டில் நடந்தது

மேலை மருத்துவம் தமிழில் பேசத் தொடங்கியபோது முதலில் பேசிய பொருள்களுள் மகப்பேறும் ஒன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மோன்செல் என்பாரின் டப்ளின் நகரத்து மகப்பேற்று நூலைத் தமிழாக்கி, 1857-ல் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரால் வெளியிட்டார். சென்னை எழும்பூரில் மகப்பேற்று மருத்துவமனை 1844-லேயே தோன்றியிருந்தது. எனினும் நூலும் கட்டடமும் வந்துவிட்டால் பெண்கள் வந்துவிடுவார்களா? வரவில்லை. அறியாத இடம், அறியாத முகம், குலத்தைப் பற்றிய அச்சம் ஆகியவை தடுத்தன.

இத்தடையை நீக்கிய வரலாற்றில் நம் திருவனந்தபுரத்துக்குச் சிறப்பிடம் உண்டு. மேரி பூனன் லூக்கோஸ் 1915-ல் இலண்டனில் மருத்துவப் பட்டம் பெற்று, டப்ளின் ரொட்டண்டா மருத்துவமனையிலும் பயின்று, 1916-ல் தாயகம் திரும்பித் தைக்காட்டுப் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பணி ஏற்றார். ஊரில் பேறு பார்த்துவந்த வயற்றாட்டிகளை அவர் பகைக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே மருத்துவமனையில் பேற்றுப் பயிற்சி அளித்தார். தம் தலைப்பிரசவத்தையும் அம்மருத்துவமனையிலேயே நிகழ்த்தி, மக்களின் அச்சத்தைப் போக்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1938-ல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியானார். இந்தியாவில் அப்பதவி பெற்ற முதற்பெண் அவரே. அந்நாளில் நாகர்கோவிலும் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்குக் காசநோய் மருத்துவமனை எழவும் அவர் காரணராயிருந்தார்.

இலக்கியக் கண்கொண்டு நோக்கின், அவர் செய்தது தாயுமானவர் செய்ததே. புதிய அறிவை, தெரிந்த முகத்தின் வழியே அனுப்பினார். வயற்றாட்டியின் மகள் பயிற்சி பெற்று வந்து நின்றபோது, ஊர்ப்பெண்ணுக்கு மருத்துவமனை அந்நிய இடமாகத் தோன்றவில்லை.

அதன் பயனை எண்களே பேசும். 2018 முதல் 2020 வரையான கணக்கின்படி, ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியா முழுமைக்கும் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடி அறுத்ததால் பச்சிளங்குழந்தைகளைக் கொண்டுபோன இசிவு நோய் ஒழிக்கப்பட்டதாக 2015-ல் இந்தியா அறிவிக்கப்பெற்றது. பழங்காலத்தைப் பொற்காலம் என்று பாடுவோர், அக்காலத்தில் பெயரிடப்படாமலே புதைக்கப்பட்ட பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். 'பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு மறுபிறவி' என்று நம் மூதாட்டியர் கூறியது அணிக்காக அன்று.

ஆனால் மருத்துவமனைக்குச் சென்றபோது ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டோம். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கேரளத்துப் பேறுகளுள் நூற்றுக்கு 99.8 மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தவை. அறுவைப் பிரசவம் கேரளத்தில் நூற்றுக்கு 38.9, தமிழ்நாட்டில் 44.9. பத்து முதல் பதினைந்துக்கு மேற்பட நியாயம் இல்லை என்று உலக நலவாழ்வு அமைப்பு 1985-ல் கூறியிருந்தது. அமெரிக்க மானிடவியலார் சிசிலியா வான் ஹாலன், 1990-களில் தமிழகத்துப் பேற்றறைகளை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட நூலில், வலியை மிகுவிக்கும் மருந்து வழக்கமாக ஏற்றப்பட்டதையும், பெண்கள் கடுஞ்சொல் கேட்க நேர்ந்ததையும் பதிவு செய்துள்ளார். அம்மருந்தைப் பெண்களே விரும்பிக் கேட்டதையும் அவர் மறைக்கவில்லை. உயிர் காத்த அதே அறையில் துணை இல்லை. சண்பகமாலைக்கும் இரத்தினாவதியின் தாய்க்கும் அங்கே நுழைவு மறுக்கப்பட்டது.

சுகப்பிரசவம் என்னும் சொல்

இயற்கைப் பிரசவம் வேண்டும் என்போரின் மனக்குறை இங்கிருந்து பிறக்கிறது. அதனை எள்ளி நகையாடுதல் தகாது. ஆனால் அவர்கள் கையாளும் சொல்லை நாம் ஆராய்தல் வேண்டும். அறுவையின்றிப் பிள்ளை பிறப்பதற்குத் தமிழன் காலங்காலமாக வழங்கும் சொல் இயற்கைப் பிரசவம் அன்று, சுகப்பிரசவம். மலையாளத்திலும் அச்சொல்லே வழங்குகிறது. நம் மொழி இங்கே முதன்மை கொடுப்பது இயற்கைக்கு அன்று, சுகத்துக்கு. இருவரும் நலமா என்பதே அதன் வினா. இயற்கை நலமும் செய்யும், கொல்லவும் செய்யும். இதை அறிந்த சமுதாயமே கடுகு அணிந்தது, காவல் வைத்தது, தெய்வத்தைத் தாயாக அழைத்தது.

இச்சொல்லை மறந்ததன் விளைவை இந்நகரமே கண்டது. 2024 பிப்ரவரியில் நேமம் பகுதியில் ஒரு வீட்டில் நிகழ்ந்த பேற்றில் தாயும் சேயும் மாண்டனர். முன்பு அறுவைப் பிரசவம் கண்டவர் அவர் என்றும், சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று வற்புறுத்தியும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படவில்லை என்றும் செய்தித்தாள்கள் எழுதின. கணவர் கைது செய்யப்பட்டார். 2025 ஏப்ரலில் மலப்புறம் மாவட்டத்தில் மற்றொரு தாய், வீட்டில் நிகழ்ந்த ஐந்தாம் பேற்றுக்குப்பின் குருதிப் பெருக்கால் உயிர் நீத்தார். பயிற்சியும் பதிவும் பெற்ற மருத்துவச்சி முன்னின்ற பேறாக இவ்விரண்டில் எதையும் அச்செய்திகள் கூறவில்லை. இவற்றை முன்னோர் வழி என்று கூறுவது முன்னோர்க்கு இழைக்கும் பழி. சாலியைப் போலத் துணையிழந்த நிலையை அவர்கள் அவலமாகவே பாடினார்கள்.

அவ்வாறாயின் மருத்துவச்சியின் கையில் பேறு காண விழைவது தவறா? தவறன்று, துணையோடு அமைந்தால் அது அறிவுடைய விருப்பமே. கொச்சியில் மருத்துவச்சியர் நடத்தும் பர்த்வில்லேஜ் என்னும் பேற்று மனை தோன்றியதும் இவ்விருப்பத்தால்தான். உலக அனுபவமும் நமக்கு வழிகாட்டும். இங்கிலாந்தில் இடர் குறைந்த ஏறத்தாழ 64,000 பேறுகளை ஆராய்ந்த முடிவு 2011-ல் வெளிவந்தது. முன்பே பிள்ளை பெற்ற தாய்மார்க்கு, வீட்டில் பெறுவதால் சேய்க்கு நேரும் கேடு மிகவில்லை. முதற்பேறு காண்போர்க்கோ, மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 ஆக இருந்த கேடு வீட்டில் 9.3 ஆக மிகுந்தது. வீட்டில் முதற்பேற்றைத் தொடங்கியவருள் நூற்றுக்கு 45 பேர் இடையிலோ பின்னரோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். அங்கும் பல்லாண்டு பயின்ற மருத்துவச்சியர் உடனிருந்தனர்; வண்டி காத்திருந்தது; மருத்துவமனைக் கதவு திறந்திருந்தது. இவை இல்லாத இடத்தில் அவ்வெண்களை எடுத்துக்காட்டுதல் பொருந்தாது. முன்பு அறுவை கண்டவர், இரட்டைக் கரு தாங்கியவர், குருதி அழுத்தம் மிக்கவர் ஆகியோர் அக்கணக்கில் இடம்பெறவே இல்லை.

நம் நாட்டிலும் வழி திறந்துள்ளது. 2016-ல் மத்திய அரசு, பொது மருத்துவமனைப் பேற்றறையில் பெண்துணை ஒருவர் உடனிருக்க இசைந்தது. 2018 டிசம்பரில் வெளியான மருத்துவச்சிப் பணி நெறிமுறைகள், செவிலியராகத் தேறியவர்க்குப் பதினெட்டு மாத நிறைபயிற்சி அளித்து, மருத்துவமனைகளிலேயே மருத்துவச்சியர் பொறுப்பில் பேற்றுப் பிரிவுகளை அமைக்க வகுத்துள்ளன. அதே ஆண்டில் உலக நலவாழ்வு அமைப்பும், பெண் விரும்பும் துணை அவளுடன் இருத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இடைவிடாது ஒருவர் உடனிருந்தால் வலி நேரம் சுருங்குகிறது, அறுவை குறைகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்புக் காட்டுகிறது. திருத்தக்க தேவர் பாடியதையே ஆய்வாளர் அளந்து கூறியுள்ளனர்.

நாம் காணும் முடிபு

நற்றிணை முதல் 'சங்கதி' வரை நாம் கண்ட நூல்களும் கதைகளும் பிள்ளை எங்கே பிறந்தது என்பதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. காவல் மனையிலும், தோட்டத்திலும், சுடுகாட்டிலும், ஆய்ப்பாடியிலும் பிள்ளைகள் பிறந்தன. யார் உடனிருந்தார் என்பதையே அவை மீண்டும் மீண்டும் வினவின. அறிந்த முகமும் அறிந்த கையும் கூடிய துணையே மரபு நமக்கு விட்டுச்சென்ற செல்வம். முகத்தை மட்டும் போற்றி, கைக்கு வேண்டிய அறிவை மறுப்பவர் சேயை இழப்பர். அறிவை மட்டும் போற்றி, முகத்தை வெளியே நிறுத்தியவர் தாயின் மனத்தை இழந்துவிட்டனர். மேரி பூனன் லூக்கோஸ் தைக்காட்டில் இவ்விரண்டையும் ஒருங்கே சேர்க்க முடியும் என்று காட்டி நூறாண்டு கடந்துவிட்டது.

சாலைக் கடைத்தெருவை ஆ. மாதவன் எழுத்தில் நாம் கண்டோம். இரணியல் தெருவை நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' நம் கண்முன் நிறுத்தியது. தைக்காட்டு மருத்துவமனை வராந்தாவில், மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்க, உள்ளே செல்ல இயலாமல் நின்ற அன்னையரின் கதையை எழுதுவார் வரவேண்டும். வயற்றாட்டியின் மகள் வெள்ளுடை அணிந்து திரும்பிவந்த நாளின் கதையும் எழுதப்பெற வேண்டும். திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்துக்கு உரிய பொருள் இது.

நம் குடும்பங்களுக்கும் ஒரு சொல். முன்பு தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் ஆரல்வாய்மொழி கடந்து தாய்வீடு சென்றனர். இன்று மகள் துபாயிலோ இலண்டனிலோ இருக்கிறாள். தாய்தான் விமானம் ஏறுகிறாள். பெட்டியில் சுக்கும் வசம்பும் பிரசவ லேகியமும் இருக்கின்றன. கொண்டு செல்லட்டும். ஆனால் அப்பெட்டியினும் பெரிய பொருள் அவள் தானே என்பதை அவள் அறிந்திருத்தல் வேண்டும். மகள் மருத்துவச்சியை நாடினால், அவளுடைய பயிற்சி என்ன, பதிவு என்ன, இடர் நேரின் எத்தனை நிமிடத்தில் எந்த மருத்துவமனையை அடைவோம் என்று கேட்க வேண்டிய கடமை தாய்க்கு உண்டு. மருத்துவமனையை நாடினால், நானும் உள்ளே வருவேன் என்று கேட்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. காவிரியில் வெள்ளம் வந்து அவள் அக்கரையில் நின்றுவிட்டால், இக்கரையில் நிற்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி அவள் வடிவாகச் சென்று அம்மகளின் கையைப் பற்றட்டும். அயல் மண்ணில் சங்கம் வைத்து வாழும் நாம் ஒருவர்க்கொருவர் செய்யத்தக்க அறம் அதனினும் பெரிது வேறில்லை.